மூன்றாவது கொப்பி

சனிக்கிழமை முற்பகல் நிதுஷன் வந்து கதவைத் தட்டியபோது வெளியே மழை. மெல்பேர்ன் புறநகர் கிரெய்கிபர்னில் யூலை மாத மழை ஒழுங்காகப் பெய்வதும் இல்லை, விடுவதும் இல்லை. உள்ளே கமலேஸ்வரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுக்காரன் நரேன் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தான். கணினி வேலை போன ஏழு மாதமாக அவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். மீதி நேரத்தில் சும்மா இருப்பதில் நன்றாகத் தேறியிருந்தான்.

கமலேஸ்வரி மெல்பேர்ன் நீதிமன்றங்களில் இருபத்திரண்டு வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் வேலை. சொந்த அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை. ஓய்வுபெற்ற பிறகு சனங்கள் தங்கள் வீட்டுச் சிக்கல்களை அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். போன வருடம் காணாமல்போன ஒரு தாலிக்கொடியை அவர் கதிரையை விட்டு எழும்பாமலே கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நரேன் தன்னை அவருடைய உதவியாளராக நியமித்துக்கொண்டான். அவர் அதை மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நிதுஷன் நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் இருந்தான். முப்பத்தைந்து வயது. பதின்மூன்று வருடத்துக்கு முன் படகில் வந்தவன். இன்னும் தற்காலிக விசா.

"அன்ரி, இராசையா ஐயான்ர வீட்டில என்னைக் கள்ளன் எண்டு சொல்லுகினம். திங்கட்கிழமைக்கு முதல் சாமானைத் திருப்பிக் குடுக்காட்டிப் பொலிசுக்குப் போவம் எண்டு சஞ்சீவ் அண்ணை சொல்லிப்போட்டார். என்ர கேஸ் அடுத்த மாசம் ரிவியூவுக்கு வருது. பொலிஸ் கேஸ் ஒண்டு விழுந்தா என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"அழாமல் சொல்லும். என்ன சாமான்?"

"ஒரு கொப்பியும் ஒரு கடிதமும்."

அவன் சொன்னதன் சாரம் இது. பொயிண்ட் குக்கில் இருந்த இராசையா, இலங்கையில் நீதவானாக இருந்தவர். எண்பது வயதில், இருபத்திநான்கு நாளைக்கு முன் காலமானார். கடைசி ஆறு வருடமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோசையா ஹார்ட்வெல் என்ற அமெரிக்க நீதிபதியின் வரலாற்றைத் தமிழில் எழுதிவந்தார். கைநடுக்கத்தோடு கொப்பியில் எழுதுவார். பின்னேரங்களில் அவரைப் பராமரிக்கப் போகும் நிதுஷன் அதைக் கணினியில் அடிப்பான். இரண்டு கொப்பி அடித்து முடிந்தது. மூன்றாவதை மட்டும் ஐயா கடைசிவரை அவன் கையில் கொடுக்கவில்லை. செத்த பிறகு, முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரில் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் போடுவதென்று மகன் சஞ்சீவ் முடிவுசெய்தான்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வெளிக்கிடேக்க, 'நாளைக்கு மூண்டாவது கொப்பியைத் தொடங்குறன் அம்மா' எண்டு பவளம் அம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். எழுத்தறையைப் பூட்டித் திறப்பைக் குசினி ஆணியில கொழுவினனான். இண்டைக்குக் காலமை ஏழு மணிக்குப் போனா மேசை லாச்சி வெறுமை. கொப்பியும் இல்லை, ஹார்ட்வெல்லின்ர கையெழுத்துக் கடிதமும் இல்லை."

"கடிதம் எங்க இருந்தது?"

"பிளாஸ்டிக் உறையில, அதே லாச்சியில. அமெரிக்காவில ஒரு நூலகம்கூட அதைக் கேட்டுக் கடிதம் போட்டது. அதுதான் நான் விக்க எடுத்தனான் எண்டு சொல்லுகினம். வாசல் கமராவில நான் பையோட வெளியில போறது தெரியுதாம். பைக்குள்ள சாப்பாட்டுப் பெட்டி, அன்ரி!"

"ஐயா லாச்சியை ஒழுங்கா வச்சிருப்பாரோ?"

அந்தத் துக்கத்திலும் நிதுஷன் இலேசாகச் சிரித்தான். "எங்க! வாசிக்கிற இடத்துக்கு அடையாளமா மருந்துப் பெட்டி மட்டையை வைப்பார், கரண்ட் பில்லை வைப்பார். கையில அம்பிடுறதெல்லாம் வைப்பார்."

அவன் அடித்த பக்கங்களைக் கமலேஸ்வரி கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று பகல் முழுவதும் வாசித்தார். நரேனும் வாசித்தான். மூன்று பக்கத்தில் தூங்கிவிடுவோம் என்று நினைத்தவன், பின்னேரம் தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் இருந்தான்.

ஹார்ட்வெல் ஒரு குதிரைச் சேணக்காரரின் மகன். கடைக்குப் பின்னால் இருந்து சட்டம் படித்து வழக்கறிஞரானான். தப்பியோடி வந்த கறுப்பு அடிமைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடினான். அந்தப் பெயரில் தேர்தலில் வென்று சட்டசபைக்குப் போய், ஓடிவந்தவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து நான்கு மணி நேரம் பேசினான். பிறகு நீதிபதியானான். ஆன இரண்டாம் வருடம், ஆமோஸ் என்பவனை விலங்கோடு அவன் முன் நிறுத்தினார்கள். பிறந்ததும் தாயைப் பிரிந்து, ஆறு வயதில் விற்கப்பட்டவன்; தாயின் முகமே தெரியாது, தனக்காக அழ உலகத்தில் ஒருவரும் இல்லை என்று மன்றில் சொன்னவன். சட்டம் சட்டம்தான் என்று சொல்லி, ஹார்ட்வெல் அவனைத் திருப்பி அனுப்பினான். அன்றிரவு நீதிபதி சாப்பாட்டைத் தொடவில்லை என்பதோடு இரண்டாவது கொப்பி முடிந்தது.

"அட பாவி, நல்லவன்னு நெனச்சேனே" என்றான் நரேன்.

"நல்லவன்தான் தம்பி. அதுதான் பிரச்சினை" என்றார் கமலேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை பகல் இருவரும் பொயிண்ட் குக் போனார்கள். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் புதுத் தெரு. செத்தவீடு எது என்று வாசலில் கிடந்த செருப்புகளை வைத்துத்தான் நரேன் கண்டுபிடித்தான். கூடத்தில் மாலை போட்ட படம். அதன் முன் அணையாமல் எரியும் விளக்கு. விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் இராசையாவின் மனைவி பவளம். எழுபத்துநான்கு வயது, இந்த மூன்றரைக் கிழமையில் பாதியாகக் கரைந்திருந்தார்.

சஞ்சீவ் நாற்பது தாண்டிய, நல்ல வேலையிலுள்ள, பொறுமை கெட்ட மனிதன். "அன்ரி, ஐ ஆம் சொரி, இதில தேட ஒண்டுமில்லை. ஹோல் ஹவுசையும் பாத்திட்டன். கராஜ், சீலிங், ஃபிரிட்ஜுக்குப் பின்னால, எல்லாம். அவன்தான் எடுத்தவன்."

"அப்பா அதில என்ன எழுதினவர் எண்டு பாத்தனீரோ?"

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அன்ரி. அஞ்சு வயசில வந்தனான்." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தாழ்ந்தது.

மூலையில், இரண்டு கையாலும் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஒரு கிழவர் இருந்தார். பெயர் இரத்தினசிங்கம். இராசையா நீதவானாக இருந்த அதே நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். நினைவு மலருக்குக் கவி எழுதுபவரும் அவரே. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்து, அரை மணி நேரம் அந்த எழுத்தறையில் தனியே இருந்திருக்கிறார்.

"கொப்பி துலைஞ்சது ஒரு விதத்தில நல்லதெண்டுதான் நான் சொல்லுவன்" என்றார், கேட்காமலே. "செத்த மனுசனை நல்ல மாதிரி அனுப்பவேணும். வெள்ளைக்காரன்ர பாவக்கணக்கு எங்களுக்கேன்?"

நரேன் கமலேஸ்வரியை அர்த்தத்தோடு பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவேயில்லை.

வாசல் கமராவின் பதிவைச் சஞ்சீவ் தன் தொலைபேசியில் காட்டினான். ஐந்து மணிக்கு முதுகுப்பையோடு நிதுஷன் போகிறான். ஏழுக்குக் கிட்ட இரத்தினசிங்கம் ஊன்றுகோலோடு மெல்ல இறங்குகிறார்; கையில் வேறொன்றும் இல்லை, மேலில் மெல்லிய சேர்ட். எட்டரைக்குச் சஞ்சீவ் வேலை முடிந்து வருகிறான்.

கமலேஸ்வரி பவளத்தின் அருகே போய் இருந்தார். "அக்கா, நிதுஷன் எப்பிடிப் பெடியன்?"

"நல்ல பெடியன்தான்." பவளம் விளக்கையே பார்த்தார். "அவர் படுத்த படுக்கையில கிடந்த நேரம் குளிப்பாட்டினவன்."

"அண்ணை எழுதினதை நீங்கள் வாசிக்கிறனீங்களோ?"

"ஒரு பக்கமும் வாசிக்கேல்லை. அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை." விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுத் தொடர்ந்தார். "அந்த ஜட்ஜ் ஒரு பெடியனைத் திருப்பி அனுப்பினவனாம். மூண்டு நாளாத் தாய்க்காரி கோட்டு வாசல்ல நிண்டவள், ஒரு சொட்டுத் தண்ணியும் குடியாமல். இதெல்லாம் எழுதி ஆருக்கு என்ன பிரயோசனம்? போன உயிர் வருமோ?"

"வராது அக்கா" என்றார் கமலேஸ்வரி மெதுவாக.

இதற்குள் நரேன் வீட்டைச் சுற்றிவந்திருந்தான். துப்பறிவதென்றால் தரையைப் பார்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம். கூடத்துக்கும் குசினிக்கும் நடுவே மூடிய கதவு ஒன்று. அதன் முன்னே பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். செத்தவீட்டுக்கு வருபவர்களுக்காக வாங்கி, எட்டாம் நாளுக்குப் பிறகு தேவைப்படாமல் போனவை.

"அக்கா, கார்ப்பெட்ல பாருங்க. சேர் கால் அழுந்தின பள்ளம் நாலும் இங்க இருக்கு. சேரெல்லாம் ஒரு சாண் தள்ளி நிக்குது. யாரோ இழுத்திருக்காங்க. வேக்குவம் பண்ணும்போது நகத்தியிருப்பாங்களோ?"

"செத்தவீட்டில முப்பத்தொண்டு முடியாமல் ஆர் தம்பி வேக்குவம் பண்ணுறது? கதவுக்கு அங்கால என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சாமியறை" என்று சஞ்சீவ் குறுக்கிட்டான். "செத்தவீட்டுத் துடக்கு முடியுமட்டும் பூட்டி வைக்கிறது. அங்க ஒருத்தரும் போறேல்லை."

கமலேஸ்வரி ஒரு கதிரையை எடுத்துப்போட்டு நடுக்கூடத்தில் அமர்ந்தார். சஞ்சீவை நிதுஷனுக்கு அழைப்பு எடுக்கச் சொன்னார். அவர் சொல்லியிருந்தபடி தெருமுனையில் மழைக்குள் பேருந்துத் தரிப்பில் நின்றவன் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டான். உள்ளே வர அஞ்சி, வாசற்படி ஓரமாகவே நின்றான்.

"சஞ்சீவ், நீர் வீடு முழுக்கத் தேடினனீர். சாமியறையைப் பாத்தனீரோ?"

"துடக்கோட எப்பிடிப் போறது?"

"அதுதான். நாங்கள் எல்லாரும் விடுகிற பிழை அது. மூடின சாமியறை எங்களுக்கு ஒரு அறையே இல்லை, கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக்காரச் சனம் எண்டா முதல்ல அதைத்தான் திறந்து பாக்கும். நரேன், நீர் குளிச்சனீரோ?"

"காலையிலயே குளிச்சேன்க்கா."

"உமக்கு இந்த வீட்டுத் துடக்கு இல்லை. போய்ப் பாரும்."

கதிரைகளை இழுத்துவிட்டு நரேன் உள்ளே போனான். திரை போட்ட சாமிப்படங்கள், வாடிப்போன பூ, மூன்று கிழமைத் தூசி. படங்களுக்குக் கீழே விரித்த பட்டுத்துணியைத் தூக்கினான். நீலமட்டைக் கொப்பி ஒன்று. அதன் நடுவே, அடையாளத்துக்குச் செருகியபடி, பிளாஸ்டிக் உறைக்குள் பழுத்துப்போன ஒரு கடிதம்.

வெளியே கொண்டுவந்து கமலேஸ்வரியிடம் கொடுத்தான். நிதுஷன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"இது களவே இல்லை" என்றார் கமலேஸ்வரி. "எடுத்தவருக்குக் கொப்பிதான் தேவைப்பட்டது. கடிதத்தை ஐயா அடையாளத்துக்கு உள்ளுக்குச் செருகியிருந்தவர். அது கூடவே போனது எடுத்தவருக்கே தெரியாது. கடிதம் துலைஞ்சதாலதான் இது களவு எண்டு பேர் எடுத்தது."

"அப்ப இந்த ஐயாதானே?" நரேனால் அடக்க முடியவில்லை. இரத்தினசிங்கத்தைக் காட்டினான்.

"அவருக்கு மனம் இருந்தது, தம்பி. ஆனா ரெண்டு கையாலயும் பொல்லு ஊண்டுறவர் அந்தக் கதிரை அடுக்கை இழுக்கேலாது. கொண்டு போகவும் இல்லை, கமராவில பாத்தனாங்கள். நிதுஷன் எடுத்திருந்தாப் பையோட போயிருக்கும், சாமியறைக்கு ஏன் போகுது? சஞ்சீவுக்கு அதில என்ன இருக்கெண்டு வாசிக்கத் தெரியாது. வாசிச்ச ஒராள்தான் ஒளிச்சது. கிழிச்செறியவும் மனம் வராத ஒராள்."

அவர் பவளத்தின் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை துளியும் இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது என்று நரேன் பிறகு சொன்னான்.

"அக்கா, ஒரு பக்கமும் வாசிக்கேல்லை எண்டு சொன்னியள். பிறகு, தாய் மூண்டு நாள் கோட்டு வாசல்ல நிண்ட கதை சொன்னியள். ஹார்ட்வெல் அனுப்பின ஆமோசுக்குத் தாய் இல்லை. தாயின்ர முகமே தெரியாத பிள்ளை அவன். அந்தத் தாய் அமெரிக்காவில நிக்கேல்லை. எங்கட நாட்டில நிண்டவள். என்ன?"

பவளம் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தார். அது சாய்ந்து, எண்ணெய் கார்ப்பெட்டில் பரவியது. எடுத்து நிமிர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஓம்" என்றார். "எங்கட வீட்டுக் கேற்றடியிலயும் வந்து நிண்டவள்."

கமலேஸ்வரி கொப்பியைக் கேட்காமல் திறக்கவில்லை. பவளம் தலையசைத்த பிறகே, கடிதம் செருகியிருந்த பக்கத்தை வாசித்தார். நீதிமன்றத்தில் வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"ஹார்ட்வெல் பதவியை விட்டு விலகி, தான் செய்ததைத் தன் பெயரிலேயே பத்திரிகையில் எழுதினான். இதுவரை எழுதிய நான் இனி அவனுக்குப் பின்னால் ஒளிய முடியாது. எண்பத்தாறாம் ஆண்டு ஒரு பையனை என் முன் கொண்டுவந்தார்கள். உடம்பில் அடிகாயம் இருந்தது. முகாமுக்குத் திருப்பி அனுப்பினால் பிழைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவசரகாலச் சட்டம் அனுமதித்தது. கையெழுத்துப் போட்டேன். இரண்டு கிழமையில் அவன் செத்தான். அவனுடைய பெயர் எனக்கு இப்போது நினைவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது."

இரத்தினசிங்கம் ஊன்றுகோலில் நெற்றியை முட்டுக்கொடுத்தார். "அந்தக் கட்டளையை ரைப் அடிச்சவன் நான்" என்றார்.

"வெள்ளிக்கிழமை இவன் நாளைக்கு அடிக்கப்போறன் எண்டு சொன்னவன்" என்றார் பவளம். "என்னதான் எழுதினவர் பாப்பம் எண்டு திறந்தனான். ஐந்நூறு பேருக்குக் குடுக்கிற மலரில இது வந்தா, இந்த மனுசன்ர பேர் என்னாகும்? எரிக்கத்தான் நினைச்சனான். அவற்ர கையெழுத்து. நெருப்புக் குச்சியைத் தட்டவும் முடியேல்லை. துடக்கோட சாமியறைக்குள்ள கால் வச்சனான். சாமிதான் மன்னிக்கவேணும்."

"நிதுஷனை நேற்றுக் கள்ளன் எண்டேக்க ஏன் அம்மா பேசாமல் இருந்தனீங்கள்?" சஞ்சீவ் கேட்டான்.

"பயம். ஒரு நாள் பொறுத்தா எல்லாம் அடங்கும் எண்டு நினைச்சன்." அவர் வாசலில் குந்தியிருந்தவனைப் பார்த்தார். "பிள்ளை, திங்கட்கிழமைக்கு முதல் எப்பிடியும் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

சஞ்சீவ் எழுந்து, மீண்டும் இருந்தான். "அம்மா, திங்கட்கிழமை எண்டு சும்மா வெருட்டத்தான் சொன்னனான். நேற்றே போயிட்டன். பொலிஸ் ஸ்டேஷனுக்கு. இவன்ர பேர், அட்ரஸ், விசா, எல்லாம் குடுத்திட்டன்."

நிதுஷன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நரேனுக்குப் பட்டது. அவனோ, எப்படியும் வரும் என்று எதிர்பார்த்திருந்தது வந்துவிட்டது போல கால்களில் கிடந்த ஈரச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொப்பி கிடைச்சிட்டுது, எங்கயோ மாறி வச்சிட்டம் எண்டு போன்ல சொல்லுறன்" என்றான் சஞ்சீவ். "அது போதும்தானே அன்ரி?"

"கிடைச்சிட்டுது எண்டா, அவன் பயத்தில திருப்பித் தந்தான் எண்டும் பொலிஸ் எழுதலாம்" என்றார் கமலேஸ்வரி. "ஒருக்கா ஏறின எழுத்தை அழிக்கிறது லேசில்லை. ஆர் எடுத்தது எண்டு எடுத்தவர் சொன்னாத்தான் ஏதோ கொஞ்சம்."

பவளம் கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார். "என்ர குளிர்க் கோட்டை எடுத்துத் தா, சஞ்சீவ்."

"முப்பத்தொண்டு முடியாமல் நீங்கள் வாசல்படி தாண்டக் கூடாது, தங்கச்சி" என்றார் இரத்தினசிங்கம் பதறி.

"சாமியறையே தாண்டிப்போட்டன், அண்ணை. விளக்கை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ."

நரேனின் காரில்தான் போனார்கள். வீட்டை விட்டு இறங்கும்போது அவன் வழக்கம்போல "வர்றேன் ஐயா" என்று இரத்தினசிங்கத்திடம் சொல்லி, செத்தவீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பதற்குக் கமலேஸ்வரியிடம் ஒரு முறைப்பும் வாங்கியிருந்தான்.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இளம் பெண் ஒருத்தி இருந்தாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கமலேஸ்வரி இதில் சம்பந்தப்பட்டவர் என்பதால் வாய் திறக்கவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டார். பவளம் வேண்டாமென்று தலையாட்டினார். முப்பத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்தும், கடைக்காரனிடம்கூட அவர் ஆங்கிலம் பேசி மகன் கேட்டதில்லை.

"ஐ டேக் த புக். ஐ ஹைட். நிதுஷன் நோ டேக். ஐ நோ. டூ டேஸ், ஐ நொட் டெல்."

பெண் எழுதிக்கொண்டாள். ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டாள்.

"மை ஹஸ்பன்ட் ஜட்ஜ். வன் போய்... பெடியன்... கம். ஹி சென்ட் பேக். போய் டை. புக்கில எழுதி... இன் த புக். ஐ ஷேம்."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. மெல்லிய குரலில், இந்த முறைப்பாட்டுக்கு அந்த விபரம் தேவையில்லை, எடுத்தது யார் என்பது போதும் என்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிதுஷன் நிற்பது தெரிந்தது. உள்ளே வர அவன் மறுத்துவிட்டான். அவனுடைய வழக்கு அடுத்த மாதம் எப்படிப் போகும் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது.

பவளம் எழுதச் சொல்லி அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினார். "ரைட்" என்றார். "பிளீஸ். ரைட். போய் நேம் தவநேசன். நைன்ரீன். ஹிஸ் மதர் டெல் மீ. ஐ நெவர் ஃபொர்கெட்."

பெண் அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று கேட்டாள்.

பவளம் மகனைத் திரும்பிப் பார்த்தார். சஞ்சீவ் தலை குனிந்தபடி முன்னால் வந்து, "ரீ, எச், ஏ, வீ, ஏ..." என்று சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து சொன்னான்.